பழைய ஓட்டு வீட்டுச் சிவப்புத் தரை: பேர்த்து எடுக்கலாமா, தேய்த்து எடுக்கலாமா?

ஓட்டுவீடு_காங்கேயம்

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே சீமை ஓடு. ஆசாரம் (முன் கூடம்) 10க்கு 12 அடி, பின்னால் ரெண்டு அறை, 8க்கு 10 அடியில் அடுப்படி. எல்லா இடத்திலும் 60-களில் போட்ட சிவப்புக் காவித் தரை.

ஆசாரத்தில் சுவருக்குச் சுவர் ஒரு மெல்லிய வெடிப்பு ஓடுது. வடக்குச் சுவர் ஓரமா ரெண்டடி அகலத்துக்கு வெள்ளையா உப்பு பூத்து, காவி பொடிப்பொடியா உதிருது. அதே சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சும் விழுது. அடுப்படியில் மூணு இடத்தில் நடந்தா கும்முனு சத்தம். அறைகளில் தரை மங்கிக் கிடக்குதே தவிர வேற குறை இல்லை.

ஒரு கொத்தனார் "மேலயே டைல்ஸ் ஒட்டிரலாம்"ங்கறார். இன்னொருத்தர் "மண்ணு வரைக்கும் பேத்து எடுக்கோணும்"ங்கறார். எதைக் கேக்கறதுங்க?

கரணை_பெருந்துறை

உங்க வீட்டில் இருக்கறது ஒரு தரை இல்லைங்க, மூணு தரை. அறைகளுக்கு மெருகு போதும். வடக்குச் சுவர் ஓரத்தில் ஓதம், அதாவது மண்ணிலிருந்து ஏறற ஈரம். அடுப்படியில் அடி மண் இறங்கிருச்சு. மூணுக்கும் ஒரே வைத்தியம் சொன்னா ரெண்டு இடத்தில் காசு வீணாப் போகும்.

முதல்ல மூணு சோதனை பண்ணிப் பாருங்க, செலவு நூறு ரூபாய்கூட ஆகாது.

ஒண்ணு, தட்டிப் பாக்கறது. அரை இஞ்ச் கம்பி ஒரு முழம் எடுத்துக்கிட்டு, தரை முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கிட்டே போங்க. கெட்டித் தரை கிண்ணுன்னு கேக்கும், பிரிஞ்ச தரை பொதபொதன்னு கேக்கும். பொத்தையான இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைச்சு வரைஞ்சு வெச்சுட்டா மொத்த வேலையும் கண்ணுக்குத் தெரிஞ்சுரும்.

ரெண்டு, கட்டியான பிளாஸ்டிக் தாளை ரெண்டடிக்கு ரெண்டடி வெட்டி, நாலு ஓரமும் அகல டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்க. ஆசாரத்தில் ஒண்ணு, வடக்கோரம் ஒண்ணு, ஒவ்வொரு அறையிலும் ஒண்ணு. எடுக்கும்போது தாளுக்கு அடியில் முத்து முத்தா தண்ணி நின்னாலோ, தரை நிறம் கருத்திருந்தாலோ ஈரம் அடியிலிருந்து வருது.

மூணு, வெடிப்பு இன்னும் நகருதான்னு பாக்கோணும். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒண்ணை ரெண்டு முனையிலும் சிமெண்ட் பால் வெச்சு ஒட்டுங்க, பக்கத்தில் தேதி எழுதுங்க. ஒரு மழை, ஒரு வெயில் தாண்டியும் கண்ணாடி உடையலைன்னா அது செத்த வெடிப்பு, அடைச்சுட்டுப் போயிரலாம். உடைஞ்சா கீழே மண் இன்னும் வேலை செய்யுது.

டைல்ஸ்_திருப்பூர்

இவ்வளவு எதுக்குங்க? 2க்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டா நாலு நாள் வேலை. ஓதத்துக்கு அடியில் வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் ரெண்டு கோட்டு அடிச்சுட்டாப் போச்சு.

பொறியாளர்_உடுமலை

அப்படிப் போட்டால் ஓதம் நிற்காது, இடம் மாறும். இந்த மாதிரி வீடுகளில் அடிவாரத்துக்கு (அஸ்திவாரத்துக்கு) மேல், ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் ஓதத் தடுப்புப் பட்டை இருப்பது அரிது. மண்ணில் உள்ள ஈரம் இத்தனை வருடமாகத் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. தரையை முழுக்க அடைத்தால் மிச்சமிருக்கும் ஒரே வழி சுவர். இன்று முழங்கால் உயரத்தில் நிற்கும் உப்பு இடுப்புக்கு ஏறும். தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்தாலும் இதே கதைதான். சுவருக்குத் தனியாக ஏற்பாடு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வடக்குப் பக்கம் மட்டும் என்பதால் வெளியே போய்ப் பாருங்கள். எறவாரத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறதா? பொடக்காணி (புழக்கடை) மண் ஏறி, உள் தரைக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கிறதா? அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா? ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு ஏற, வீடு பள்ளத்தில் நிற்பது நம் ஊர்களில் சாதாரணம். தண்ணீர்த் தொட்டியோ பாத்திரம் கழுவும் இடமோ சுவரை ஒட்டி இருக்கிறதா?

ஓட்டுவீடு_காங்கேயம்

சோதனை பண்ணியாச்சுங்க. அறைகளில் தாள் காய்ஞ்சே இருந்துது. ஆசாரத்து நடுவிலும் ஈரம் இல்லை. வடக்கோரம் தாளுக்கு அடியில் நல்ல தண்ணி. வெளியே மண் உள் தரையை விட ஆறு இஞ்ச் மேலே நிக்குது, எறவாரத் தண்ணியும் அங்கதான் விழுது. அந்தச் சுவருக்கு வெளிப்புறம் மூணடி உயரத்துக்கு சிமெண்ட் பூச்சு வேற. அடுப்படியில் ஏறக்குறைய பாதித் தரை பொத்தை. கண்ணாடி ஒட்டி வெச்சிருக்குதுங்க.

பொறியாளர்_உடுமலை

காரணம் கிடைத்துவிட்டது. மண்ணை வெட்டி எடுத்து, உள் தரையை விட வெளித்தரை குறைந்தது ஆறு இஞ்ச் தாழ்வாக இருக்கும்படி இறக்குங்கள். சுவரை ஒட்டி ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, 40 மி.மீ. ஜல்லி மட்டும் நிரப்புங்கள், மண்ணோ மணலோ கலக்காமல். குழியின் அடி, தண்ணீர் வெளியேறும் பக்கம் சரிய வேண்டும். பழைய வீட்டின் அடிவாரம் ஆழமாக இருக்காது. அடிவாரக் கல்லின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவே கூடாது. ஒரே மூச்சில் முழு நீளமும் தோண்டாமல், பத்தடி தோண்டி நிரப்பிவிட்டு அடுத்த பத்தடிக்குப் போங்கள்.

அந்தச் சிமெண்ட் பூச்சைத் தட்டி எடுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக முடியாமல் உள்ளே திரும்பும். மறுபூச்சு சுண்ணாம்பில்தான், உள்ளேயும் வெளியேயும். பூசும் முன் சுவரை ரெண்டு மூன்று மாதம் திறந்து விட வேண்டும்.

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடியும் உள்ளே போகும், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். காய்ந்த துடைப்பத்தாலோ நார் பிரஷ்ஷாலோ கூட்டி, அள்ளி வெளியே கொட்டுங்கள். வாரம் ஒரு முறை அப்படிச் செய்யச் செய்யக் குறையும்.

டைல்ஸ்_திருப்பூர்

சரிங்க, ஓதம் உள்ள பக்கம் வேண்டாம். காய்ஞ்ச அறைகளில் போடலாமே?

கரணை_பெருந்துறை

போடலாம், ஆனா பேச்சுக்குச் சொல்ற மாதிரி சுலபம் இல்லை. 60 வருசத் தரையில் மெழுகும் தேங்காய் எண்ணெயும் ஊறிக் கிடக்குது. அது மேல பசை பிடிக்காது. முழுத் தரையையும் கொத்திவிடோணும், இல்லைன்னா கிரைண்டர் வெச்சுத் தோலை எடுக்கோணும். விட்ரிஃபைடு தண்ணியே குடிக்காத கல், சிமெண்ட் பால் ஊத்தி ஒட்டினா நிக்காது. பாலிமர் கலந்த பசை வேணும், 20 கிலோ பை ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும். பல்லுக் கரண்டியால் முழுசா இழுத்து, கல்லுக்குப் பின்னாலும் மெல்லிசாத் தடவி அமுக்கோணும். அஞ்சு பொட்டு வெச்சு ஒட்டிட்டுப் போறவங்களை வாசலோட அனுப்பிருங்க. பொட்டுக்கு நடுவில் இருக்கற காலி இடத்தில் கட்டில் கால் பட்டாப் பொளந்துரும்.

சித்திரை வெயில்ல டைல்ஸ் படார்னு கூரை மாதிரி தூக்கிக்கும், கேள்விப்பட்டிருப்பீங்க. இடைவெளியே விடாம ஒட்டி, சுவரோரமும் சிமெண்டால் அடைச்சுட்டா கல் விரிய இடம் இருக்காது. ஓட்டு வீட்டில் பகல் சூட்டுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் ஜாஸ்தி. கல்லுக்குக் கல் 2 மி.மீ., சுவரோரம் 6 மி.மீ. காலியா விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மறைக்கோணும்.

இன்னொண்ணு, நிலவு, அதாவது கதவு நிலை. பழைய நிலவுக்குக் கீழ்க்கட்டை இருக்கும். கல்லும் பசையும் சேர்ந்து அரை இஞ்ச் ஏறும், கலவைப் படுக்கை போட்டா ரெண்டு இஞ்ச் ஏறும். கீழ்க்கட்டை மறையும், கதவை அடியில் அறுக்கோணும். அறுத்தது திரும்ப வராது.

மெருகு_கோபி

அறைகளில் உள்ள தரைக்கு டைல்ஸ் போடறது பாவம்ங்க. பழைய காவித் தோல் ரெண்டு மூணு மி.மீ.தான் இருக்கும். பாலிஷ் மிஷின்காரங்க மொசைக் தரைக்குப் பழகினவங்க. 60 நம்பர் கல்லைப் போட்டு அரைச்சா பத்து நிமிசத்தில் காவி போயி அடியில் சாம்பல் சிமெண்ட் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும். காவித் தரைக்குத் தண்ணி விட்டு 400 நம்பர் வைரப் பட்டையில் ஆரம்பிங்க. ஆழமான கீறல் இருந்தா அந்த இடத்துக்கு மட்டும் 200. அப்புறம் 800, 1500, 3000. முதல்ல கட்டிலுக்கு அடியில் ஒரு சதுர அடி ஓட்டிப் பாத்துட்டுத்தான் மத்த இடம். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் அந்தச் சிவப்புச் சேறு காயறதுக்குள்ள வழிச்சு எடுத்துரோணும். காய்ஞ்சா வெள்ளைப் படலமா ஒட்டிக்கும், திரும்ப அரைக்க வேண்டி வரும்.

அரைக்கறதுக்கு முன்னாடி பழைய மெழுகை எடுக்கோணும். வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டு நார்ப் பட்டையால் தேய்ச்சாப் போதும். கக்கூஸ் ஆசிட் பக்கமே போகாதீங்க, சிமெண்டைத் தின்னுட்டு நிறத்தையும் திட்டுத் திட்டா வெளுத்துரும். கடப்பா கல்லுக்கும் இதேதான், அது சுண்ணாம்புக்கல் இனம். புளித் தண்ணி, எலுமிச்சை பட்டாலே வெள்ளைத் தடம் விழும்.

மொசைக் வெச்சிருக்கவங்களுக்கு வழி வேற. 60, 120, 320 அரைச்சு, கடைசியா ஆக்ஸாலிக் ஆசிட் பொடி சதுர மீட்டருக்கு 33 கிராம் தூவித் தேய்க்கறது. 100 சதுர அடிக்கு 300 கிராம் கணக்கு.

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் போதுமேங்க, எதுக்கு மெழுகு?

மெருகு_கோபி

ரெண்டு மூணு சொட்டு துணியில் தொட்டு, அடுத்த நாள் காய்ஞ்ச துணியில் அழுத்தித் தேய்ச்சா சரி. கையளவு ஊத்தித் தடவினா பிசுபிசுத்து, தூசி அத்தனையும் அதில் உக்காந்து தரை கருத்துப் போகும். தேன்மெழுகு பசை மெல்லிசா ஒரு கை, அரை மணி கழிச்சுத் துடைப்பு, அதுதான் நிக்கும். எப்பாக்ஸி, பாலியூரித்தேன் மாதிரி பெயிண்ட் வகை மட்டும் வேண்டாம். அடியில் துளி ஈரம் இருந்தாலும் தோல் உரியற மாதிரி உரியும்.

ஓட்டுவீடு_காங்கேயம்

அடுப்படியைப் புதுசாப் போடறதுன்னு முடிவுங்க. காவித் தரையே போடலாம்னு இருக்குது. அளவெல்லாம் சொல்ல முடியுமா?

கரணை_பெருந்துறை

80 சதுர அடிக்குச் சொல்றேன்.

பழசைப் பேத்ததும் அடி மண்ணைப் பாருங்க. எலி வங்கு, மக்கின வேர் இருந்தா தோண்டி எடுங்க. கிராவல் கொட்டி, ஒரு தடவைக்கு ஆறு இஞ்சுக்கு மேல் போடாம, தண்ணி தெளிச்சுத் திமிசுக் கட்டையால் இடிக்கோணும். இந்தத் தரை இறங்கினதுக்குக் காரணமே ஒரே தடவையில் கொட்டி மூடினதாத்தான் இருக்கும்.

அடுத்து நாலு இஞ்ச் கான்கிரீட், 1:4:8. சிமெண்ட் ரெண்டரை மூட்டை, மணல் 13 கன அடி, ஒன்றரை இஞ்ச் ஜல்லி 25 கன அடி. மேல்முகத்தைச் சொரசொரப்பாவே விட்டு ஏழு நாள் தண்ணி. தண்ணி போற பக்கம் பத்தடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் இங்கேயே குடுத்துரோணும், மேல்தோலில் குடுக்கப் பாத்தா ஒரு பக்கம் கனம் ஏறி வெடிக்கும்.

அதுக்கு மேல ஒன்றரை இஞ்ச் 1:2:4. சிமெண்ட் ஒன்னே முக்கால் மூட்டை, மணல் நாலரை கன அடி, அரை இஞ்ச் ஜல்லி 9 கன அடி. போடறதுக்கு முன்னாடி அடித்தளத்தை நனைச்சு, சிமெண்ட் பால் தேய்ச்சுக்குங்க. நாலுக்கு நாலு அடிக்கு மிகாம கட்டம் பிரிச்சு, சதுரங்கப் பலகை மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு போடுங்க. மிச்சக் கட்டம் அடுத்த நாள்.

காவித் தோல் 3 மி.மீ. சிமெண்ட் 25 கிலோ, சலிச்ச பி-சாண்ட் (பூச்சுக்கான எம்-சாண்ட்) அதே கன அளவு, காவி ரெண்டரை கிலோ. சிமெண்ட் எடையில் பத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல போட்டா நிறம் கூடாது, வலுதான் குறையும். மொத்தச் சிமெண்ட் கணக்கு நாலே முக்கால் மூட்டை, அஞ்சு வாங்கிருங்க.

கவனமாப் பாக்க வேண்டியது கலக்கற முறை. அடுப்படி முழுசுக்கும் வேண்டிய சிமெண்டையும் காவியையும் காய்ஞ்சபடியே ஒரே தடவையில் கலந்து, மாவுச் சல்லடையில் மூணு தடவை சலிச்சு, சாக்கில் கட்டி வெச்சுரோணும். கட்டத்துக்குக் கட்டம் புதுசாக் கலந்தா ஒரு கட்டம் செங்கல், ஒரு கட்டம் கத்தரிக்காய்.

தோல் போடற நேரமும் முக்கியம். அடிக் கலவை காய்ஞ்சு அடுத்த நாள் தோல் போட்டா அது தனியா நிக்கும், ரெண்டு வருசத்தில் பழையபடி கும்முனு சத்தம். கட்டை விரலால் அமுக்கினா லேசாத் தடம் விழோணும், ஆனா தண்ணி கசியக் கூடாது. அந்தப் பதத்தில் போட்டு மணியாசு கட்டையால் சமன் பண்ணி, அரை மணி, முக்கா மணி விட்டு விட்டு இரும்புக் கரணையால் மூணு தடவை இழுப்பு. கடைசி இழுப்பில் கரணை உரசற சத்தம் மாறும், கொரகொரன்னு இருந்தது சரக்குன்னு வழுக்கும். அதோட கையை எடுத்துரோணும். மேலே தண்ணி கசிஞ்சா அது தானா வத்தற வரைக்கும் பொறுங்க. வெறும் சிமெண்டைத் தூவி உறிஞ்ச வெக்கறது சோம்பேறி வேலை, மயிர் மயிரா வெடிச்சுரும்.

பொறியாளர்_உடுமலை

காற்றைப் பற்றி ஒன்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் விடாமல் அடிக்கும். ஓட்டுக்கு அடியில் உள்ள சந்து வழியாக வீட்டுக்குள்ளும் வரும். வெயிலை விட இது மோசம், கலவை இறுகும் முன்பே மேல் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் போட்டே ஆக வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து, ஜன்னலுக்கு நனைந்த சாக்குக் கட்டி, கடைசி இழுப்பு முடிந்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மறுநாளிலிருந்து பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும்.

தண்ணீரும் கவனிக்க வேண்டியது. நொய்யல் ஓரத்துக் கிணறுகளில் உப்பு அதிகம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு லிட்டரில் குளோரைடு 2000 மில்லிகிராம், சல்பேட் 400 மில்லிகிராம்தான் உச்சம். கான்கிரீட் அந்த அளவைத் தாங்கும், காவித் தரையின் அழகு தாங்காது. அதே தண்ணீரைப் பத்து நாள் தேக்கினால் காய்ந்ததும் வெள்ளையாகப் படரும். தோலுக்கும் தேக்குவதற்குமாவது குடிநீர்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

மெருகு_கோபி

காவி வாங்கும்போது ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளர் தண்ணியில் போட்டுக் கலக்கி, ராத்திரி முழுக்க வையுங்க. இரும்பு ஆக்சைடு கரையாது, அடியில் படிஞ்சு மேல் தண்ணி தெளிஞ்சுரும். தண்ணி ரோஸ் கலராவே நின்னா சாயம் கலந்தது. அது சிமெண்டின் காரத்தில் வெளுத்துரும்.

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி

தரையைப் பேத்த கையோட கரையானுக்கும் மருந்து அடிச்சுருங்க, இந்த வாய்ப்பு திரும்ப வராது. குளோர்பைரிஃபாஸ் 20 சதவீதம் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணி. பேத்த மண் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். பேக்காத அறைகளில் தரையும் சுவரும் சேரற ஓரத்தில் ஒரு அடிக்கு ஒண்ணா 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் இறக்கி, காவிக் கலவையால் அடைக்கறது. கிணறு பக்கத்தில் இருந்தா அந்தப் பக்கம் அடிக்கவே வேண்டாம். கையுறை, முகமூடி இல்லாம ஆள் இறங்கக் கூடாது, அன்னிக்கு அடுப்பும் பத்த வெக்காதீங்க.

பஞ்சாரம்_பல்லடம்

கரிசல் மண் வீட்டுக்கும் இதே அளவுதானுங்களா?

பொறியாளர்_உடுமலை

இல்லை. கரிசல் மழைக்கு வீங்கும், கோடைக்குச் சுருங்கும். மேலே நாலு இஞ்ச் கான்கிரீட்டைத் தூக்கி உடைத்துவிடும். கரிசலை ரெண்டு மூன்று அடி வெட்டி எடுத்து, கிராவல் போட்டு அடுக்கடுக்காக இடித்து, அதன் பிறகே மேல்வேலை. தரைக் கான்கிரீட்டைச் சுவரோடு ஒட்டவும் கூடாது, ஓரத்தில் அரை இஞ்ச் தெர்மோகோல் பட்டை வைத்துப் பிரிக்க வேண்டும். அவ்வளவு தோண்ட முடியாத வீட்டில் மணல் படுக்கையில் கடப்பா கல்லோ தட்டோடோ பாவலாம். எழும்பினால் அந்தக் கல்லை மட்டும் எடுத்துச் சமன் பண்ணிக்கொள்ளலாம்.

ஓட்டுவீடு_காங்கேயம்

ஆசாரத்துக் கண்ணாடி இதுவரை உடையலைங்க. அந்த வெடிப்பை எப்படி அடைக்கறது? வடக்கோரம் உதிர்ந்த ரெண்டடிப் பட்டைக்கு ஆத்தங்குடி கல் போடலாமா?

கரணை_பெருந்துறை

ஒரு கோடை தாண்டட்டும். அப்புறம் கட்டிங் மிஷினால் வெடிப்பு மேலயே 5 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்து, ஊதித் தூசியைப் போக்கி, நனைச்சு, லேடெக்ஸ் கலந்த காவிக் கலவையை அமுக்கி நிரப்புங்க. நிறம் ஒத்துப்போக நாலஞ்சு உடைஞ்ச ஓட்டுத் துண்டில் வேற வேற அளவில் கலந்து பூசி, ஒரு வாரம் காய விட்டு, ஆசாரத்திலேயே வெச்சுப் பாருங்க. கொஞ்சம் நிற வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். மயிரளவு வெடிப்பா இருந்தா தொடாதீங்க, மெழுகே நிரப்பிரும்.

வடக்கோரத்துக்கு ஆத்தங்குடி கல் பொருந்தும், 8க்கு 8 இஞ்ச் சிமெண்ட் கல், மூச்சு விடும். ஆனா முக்கா இஞ்ச் கனம். அந்தப் பட்டையை ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு நேர்கோட்டில் அறுத்து எடுத்து, சுண்ணாம்புக் கலவைப் படுக்கையில் பழைய தரை மட்டத்துக்கே உக்கார வெக்கோணும். சந்து விடாம ஒட்டிப் பாவறது, மிஷின் பாலிஷ் கிடையாது. கறை குடிக்கற கல், கலவை மேல் சிந்தினா உடனே துடைச்சுருங்க. வெளிக் குழி வேலை முடிஞ்சு, பிளாஸ்டிக் தாள் சோதனையில் தண்ணி நிக்காத வரைக்கும் கல்லை வாங்கி அடுக்கி மட்டும் வையுங்க.

ஓட்டுவீடு_காங்கேயம்

சரிங்க. நாளைக்கு மண் வெட்ட ஆள் வருது. பத்தடி பத்தடியாத்தான்னு சொல்லியாச்சுங்க.